கல்லுமுனை இருப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டு நாகரிகம் பெற்றது. சக்கரத்தைக் கண்டு வேகம் பெற்றது. கச்சா எண்ணெயைக் கண்ட பிறகுதான் மனித குலம் என்ற பெயருக்கே தகுதி பெற்றது. உலகப் பொருளாதாரம் என்னும் பேருடலின் நாளங்களில் ஓடும் கறுப்பு இரத்தம் அது. அந்த இரத்தத்தில் மூன்று கோடிப் பீப்பாய், எந்தப் போரும் எந்தப் புயலும் தீண்ட முடியாதபடி, இந்தப் பாறைக்கு நூற்றிருபது மீட்டர் கீழே, தேசத்துக்காக விழித்திருக்கிறது.

இவ்வாறு சொல்லிற்று கல்லுமுனை எண்ணெய்க் கிடங்கின் வாசலில் இருந்த கருங்கல் பலகை. பலகை கிழக்கே பார்த்து நல்ல வெயிலில் இருந்ததால் காவலாளிகள் அதன்மேல் பனியன் காயப்போடுவது வழக்கம். அன்றைக்கு மட்டும் பனியன்களை எடுத்துவிட்டுச் செவ்வந்தி மாலை சாத்தியிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடங்கைத் திறக்கப்போகிறார்கள்.

2043ஆம் வருடம் அது. உலகத்தின் எண்ணெய்க் கப்பல்களில் ஐந்தில் ஒன்று புகுந்து வரவேண்டிய ஒரு குறுகிய நீரிணையில் கண்ணிவெடிகளை மிதக்கவிட்டிருப்பதாக ஒரு தளபதி தொலைக்காட்சியில் அறிவித்து அன்றோடு பத்தொன்பது நாள். கப்பல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நங்கூரம் போட்டுவிட்டன. பீப்பாய் எழுபது டாலருக்கு விற்றது இருநூற்றுப் பத்துக்கு ஏறியது. அதற்கும் நாகர்கோவில் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு ஒரே வாரத்தில் சம்பந்தம் விளங்கிவிட்டது: லாரி இல்லாததால் காய்கறி இல்லை, உரம் இல்லாததால் நடவு இல்லை, குளச்சலில் விசைப்படகுகள் தண்ணீரில் சும்மா ஆடிக்கொண்டு நின்றன. அப்போதுதான் அரசாங்கத்துக்குக் கல்லுமுனை ஞாபகம் வந்தது. திறக்கப்போகிறோம் என்று முந்தின நாள் மாலை அறிவித்தார்கள். ஒரு சொட்டும் வெளியே வராமலே விலை முப்பது டாலர் இறங்கிற்று.

கிடங்கின் வேதியியலர் எஸ்தர் ரத்தினபாய் காலை ஆறே முக்காலுக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினைந்து நிமிடமாக வேறு எதையும் பார்க்கவில்லை. குடுவையைக் கொண்டுவந்த பம்பு இயக்குநர் கிளீட்டஸ், ஈரமான கையைத் தன் சட்டையிலேயே துடைத்தபடி நின்றார்.

"இது என்னது அண்ணாச்சி?"

"கெணத்து எண்ணெய் சாம்பிளுதான் மேடம். நடு மட்டத்துல எடுத்தது."

"இது எண்ணெய் இல்ல."

"அது எனக்கும் தெரியும். பின்ன என்னதுன்னு கேக்கத்தான் கொண்டாந்தேன். படிச்சவுங்க நீங்கதான."

குடுவையில் இருந்தது பழுப்பு நிறத்தில், மரச்சீனிக் கிழங்கைக் குழைய வேகவைத்து மசித்ததுபோல் இருந்தது. சாய்த்தால் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அந்த ஊரில் சக்கைக்கொட்டை என்று சொல்லும் பலாக்கொட்டையை வேகவைத்த வாசம் அடித்தது. கச்சா எண்ணெயின் நாற்றம் துளியும் இல்லை.

"மேல எப்படி இருக்கு?"

"மேல ரெண்டு மீட்டர் நல்ல எண்ணெய். அதுக்குக் கீழ, அடி வரைக்கும், இந்தக் கூழுதான். மூணு மட்டத்துலயும் எடுத்துப் பாத்துட்டேன். பம்பு உறிஞ்சுகது அடியிலேருந்து."

அவள் தண்ணீர் அளவைச் சோதித்தாள். கச்சா எண்ணெயில் தண்ணீர் நூற்றுக்கு அரை இருந்தாலே சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கருவி அறுபத்தொன்று என்றது. கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நம்பி மறுபடி செய்தாள். அறுபத்தொன்று புள்ளி நான்கு என்றது. பைத்தியம் முற்றியிருந்தது, அல்லது கருவி சரியாகவே இருந்தது.

இவ்வளவு நாளாக இது எப்படித் தெரியாமல் போயிற்று என்பதற்கு விடை, ஆய்வக அலமாரியின் கீழ்த் தட்டில், ஐந்து லிட்டர் கேனில் இருந்தது.

கிடங்கின் எண்ணெயை மூன்று மாதத்துக்கொரு முறை சோதித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதிரி எடுக்கச் சுரங்கக் கிணற்றின் மூடியைத் திறக்கவேண்டும். மூடியைத் திறக்கத் தீயணைப்பு, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று மூன்று துறையின் அனுமதி வேண்டும். அவை வந்து சேர நாற்பது நாள் ஆகும். சான்றிதழையோ முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு உதைப்பதை எஸ்தருக்கு முன் இருந்தவர் ஒரு நொடியில் தீர்த்துவைத்திருந்தார். கிடங்கை நிரப்பிய அன்று சாட்சிக்காக எடுத்து வைத்த ஐந்து லிட்டர் இருக்கிறதே, அதிலிருந்து நூறு மில்லி. எஸ்தர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் கேனைக் காட்டி, "எண்ணெய் எங்க போயிரப் போகுது? பாறைக்குள்ள படுத்துக் கெடக்கு" என்றார். அவளும் முப்பத்தாறு முறை நூறு மில்லி எடுத்தாள். முப்பத்தாறு முறையும் எண்ணெய் அற்புதமாக இருந்தது. கேன் எண்ணெய்க்கு என்ன கேடு?

புதிதாக மாதிரி எடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொன்ன ஒரே நாள், கிடங்கைத் திறக்கும் நாள். அதைக்கூட ஆய்வகத்தில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கிளீட்டஸ்தான் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, விடியுமுன் மூடியைத் திறந்து கருவியை இறக்கியிருந்தார்.

"கசடுண்ணிதான்" என்றாள் எஸ்தர் கடைசியில்.

"அந்தக் கிருமியா? ஒம்பது வருசத்துக்கு முன்ன மேளம் அடிச்சு ஊத்துனாங்களே?"

"அதேதான். அடியில படியுற கசடை மட்டும் திங்கும், கசடு தீந்ததும் செத்துரும்னு சொல்லித்தான் வித்தாங்க."

"பந்தியில உக்காந்தவன் தொடுகறி தீந்துட்டுன்னு எந்திச்சுப் போவானா மேடம்?"

அவள் சிரிக்கவில்லை. ஆலையில் காலை ஷிப்டில் இருக்கும் தன் தம்பி டைட்டஸை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொது மேலாளர் ஹரிஹரபுத்திரன் மேடையில் பொத்தானை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார். பச்சைப் பொத்தான், தோசைக்கல்லில் பாதி இருக்கும். அமைச்சர் வந்து அழுத்துவதாக இருந்தது. அவருடைய ஹெலிகாப்டருக்கு எரிபொருள் ஒதுக்கீடு கிடைக்காததால் அந்தப் பாக்கியம் இவருக்கு வந்து சேர்ந்தது. ஒரு விரலால் அழுத்தினால் அலட்சியம், உள்ளங்கையால் அழுத்தினால் பதற்றம் என்று புகைப்படக்காரர் சொன்னதன் பேரில் மூன்று விரல் என்று முடிவாகியிருந்தது. பின்னால் பெரிய திரையில், பம்பிலிருந்து எவ்வளவு எண்ணெய் ஓடுகிறது என்று காட்டப்போகும் எண் இப்போதைக்குப் பூச்சியத்தில் நின்றது. அந்த எண்ணை லண்டனிலும் சிங்கப்பூரிலும் எண்ணெய்ச் சந்தைக்காரர்கள் நேரடியாகப் பார்ப்பார்கள்.

"சார், கெணத்துல இருக்கது எண்ணெய் இல்ல."

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா. மைக் ஆன்ல இருக்கு."

அவரை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் குடுவையைக் காட்டினாள். அவர் கையில் வாங்கவில்லை. வாங்கினால் பொறுப்பும் சேர்ந்து கைக்கு வந்துவிடும் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம்.

"லெவல் நூத்திரெண்டு சதவீதம் காட்டுதே? குறையாததோட இல்லாம கூடவும் செஞ்சிருக்குன்னு நமக்கு விருதே குடுத்தாங்களே?"

"அவலை ஊற வச்சா பாத்திரத்துல ஏறாதா சார்? பாறையிலேருந்து கசியுற தண்ணிய இது பிடிச்சு வச்சுக்கிட்டே வந்திருக்கு. கசிவுத் தண்ணிய வெளிய எறைக்கிற மோட்டாருக்கு வேலையே இல்லாமப் போச்சே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கும் விருது குடுத்தாங்க" என்றார் அவர், கொஞ்சம் தளர்ந்து. "மின்சாரச் சிக்கனத்துக்கு."

"இதை ஆலைக்கு அனுப்பக் கூடாது சார். அங்க டேங்க் பூரா காலி. தங்க வச்சுத் தண்ணி பிரிக்க நேரம் இல்லன்னு நேரா உலைக்கு ஏத்தப் போறாங்க. முந்நூத்தி அறுபது டிகிரி. இவ்ளோ தண்ணி அதுல போய் விழுந்தா கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள ஆவியாகி ஆயிரம் மடங்கு வீங்கும். எண்ணெய் வடிக்கிற கோபுரம் நிக்காது. பக்கத்துல நிக்கவங்களும்."

"அங்க பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி அங்க வேலை பாக்கான்."

"அப்போ இது தொழில்நுட்பக் கருத்தா, குடும்பக் கருத்தா?"

அவர் குரலைத் தாழ்த்தி, கூடப் பிறந்தவர்போல் பேசத் தொடங்கினார்.

"எஸ்தர்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. நேத்து சாயங்காலம் ஒரு அறிவிப்பு. முப்பது டாலர் இறங்குச்சு. எண்ணெய் போய் இறக்கிச்சா? எண்ணெய் இருக்குங்கற சேதி போய் இறக்கிச்சு. உலகத்துக்கு வேண்டியது அதுதான். இப்போ இல்லன்னு சொன்னா நானூறுக்கு ஏறும். ஏதோ ஒரு நாட்டுல அரிசி வாங்க முடியாம ஜனங்க சாவாங்க. அவங்க உங்க தம்பியைவிட அதிகம் பேர்."

"அதுக்காக ஆலையில ஷிப்டுல நிக்க ஏழு பேரக் கொல்லணுமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"யார் கேட்டா?" என்றார் அவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "காலாண்டுச் சான்றிதழ் தொண்ணூறு நாளைக்குச் செல்லும். நீங்க போட்டு எழுபத்தியொரு நாள்தான் ஆகுது. இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருக்கு. புது மாதிரி எடுக்கணுங்கற விதிக்கு நெருக்கடி விலக்கு வாங்கியாச்சு. தண்ணி பூச்சியம் புள்ளி ரெண்டு. உங்க கையெழுத்துதானே?"

அவளுடைய கையெழுத்துதான்.

எஸ்தர் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதினாள்: முப்பத்தாறு சான்றிதழ்களும் கேனைச் சோதித்துக் கொடுத்தவை, கிணற்றைச் சோதிக்கவில்லை, எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். இதை எழுதியவளை ஜெயிலில் போடலாம் என்று தெரிந்தே எழுதினாள். ஹரிஹரபுத்திரன் கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தார்.

"நல்ல மனசு உங்களுக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. விழாவுக்காகத் தபால் பிரிவு லீவு. திங்கட்கிழமை பதிவு பண்ணிரலாம்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப வேர்க்குது உங்களுக்கு. போய் உக்காருங்க."

ஆய்வகத்துக்கு நடந்துகொண்டே தம்பியைக் கூப்பிட்டாள்.

"யக்கா, ஒன்ன டிவில காட்டுவாங்களா? அம்மைக்குப் போன் போட்டுச் சொல்லணும்."

"டைட்டஸ், வாய மூடிக்கிட்டு நான் சொல்லுகதக் கேளு. வரப்போறது எண்ணெய் இல்ல. தண்ணி."

"எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு."

"பத்து லட்சத்துலயா?"

"நூத்துல, லே."

அவன், "இரி, சூப்பரண்டுகிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்று போனான். இரண்டு நிமிடம் கழித்து வந்த குரலில் கிண்டல் கொஞ்சம் குறைந்திருந்தது.

"சான்றிதழ் இருக்குங்காரு. எனக்கும் காட்டுனாரு. பூச்சியம் புள்ளி ரெண்டு. ஒன் கையெழுத்து நல்லா வளைஞ்சு நெளிஞ்சு அழகா இருக்கு யக்கா."

"லே, அது நான் கேனப் பாத்துப் போட்டது. நீ வெளிய வந்துரு."

"ஏழு பேரு இருக்கோம். நான் மட்டும் ஒண்ணுக்குப் போறேன்னு போயிட்டு, எல்லாம் முடிஞ்சதும் வரவா? உலையைச் சூடேத்தி வச்சாச்சு. வந்தா அப்பிடியே ஏத்தணும்னு உத்தரவு. நான் பேனல்ல இருந்து எந்திச்சா வேற ஒருத்தன் வந்து இருப்பான். அவனுக்கும் ஒரு யக்கா இருக்கும்."

"டைட்டஸ்..."

"இங்கன ஒண்ணும் முடியாது. அங்கன ஏதாவது பாரு" என்று சொல்லி அவன்தான் போனை வைத்தான். மணி பத்து நாற்பது. கிடங்கிலிருந்து ஆலைக்குப் பதினோரு கிலோமீட்டர். பன்னிரண்டுக்குத் திறந்தால் ஒன்றரைக்குப் போய்ச் சேரும்.

ஆய்வகத்தில் விருந்தாளி இருந்தார். உலக எண்ணெய் இருப்பு மன்றத்தின் ஆய்வாளர் குணாளன், சிங்கப்பூர்க்காரர். சாம்பல் நிறக் கோட்டு, மடியில் ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம். கல்லுமுனைக்கு நடுவராக வந்திருந்தார். இவராவது சொன்னால் நிற்கும் என்று எஸ்தர் குடுவையை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டுத் திரும்ப மூடினார்.

"சக்கைக்கொட்டை வாசம்னு இங்க சொல்றீங்க. போன மாசம் போன ஊர்ல சோளம்னாங்க. அதுக்கு முன்னாடி போன இடத்துல ஓட்ஸ் கஞ்சி."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"எத்தனை இடம்?"

"நான் பார்த்தது நாலு. கசடுண்ணி வாங்கின நாடு நாற்பத்தொண்ணு, மேடம். ஒருத்தர் வாங்கினா எல்லாரும் வாங்கணுமே."

"நடுவருக்குன்னு உங்க கிட்டத் தனியா ஒரு சாம்பிள் இருக்கணுமே? அதுல தெரியலயா?"

"இருக்கு. ஐந்து லிட்டர் கேன். உங்க கேனை நிரப்பின அன்னைக்கே நிரப்பினது." அவர் சிப்ஸ் பொட்டலத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். "உலகம் பூரா நாங்க சோதிச்சுச் சான்று கொடுத்த எண்ணெய் ஆயிரம் கோடிப் பீப்பாய். அதுல நிஜமா சோதிச்சது, நாற்பத்தொரு கேன்ல மிச்சம் இருக்கிறது எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தினா, ஒரு பீப்பாய் நிறையாது. விமானத்துல போறப்போ இதைக் கணக்குப் போட்டேன். அப்புறம் தூக்கம் வரல."

"அப்போ வெளிய சொல்லுங்க."

"நான் சொன்னா நாளைக்கு விலை என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, மேடம். யாருக்கும் தெரியாது. கப்பல், உரம், மருந்து, பிளாஸ்டிக், விமானம், எல்லாம் பின்னாடி ஏதோ இருக்குங்கற தைரியத்துலதான் ஓடுது. மூணு மணிக்கு எனக்கு ஃபிளைட். அதுக்காவது எரிபொருள் இருக்கான்னு விசாரிச்சுட்டு இருந்தேன்."

இதுவரை வாசற்படியில் சாய்ந்து நின்ற கிளீட்டஸ் தொண்டையைச் செருமினார்.

"உலகம் கெடக்கட்டும் மேடம். இப்போ கூழு ஆலைக்குப் போகக் கூடாது. அம்புட்டுதான?"

"ஆமா."

"பொத்தானை அழுத்துனா பம்பு ஓடும். அத நம்ம நிறுத்த முடியாது, கன்ட்ரோல் ரூம்ல போலீசு நிக்கு. ஆனா பம்புக்கு அந்தப்புறம், வேலி ஓரத்துக் குழியில ஒரு கை வால்வு உண்டு. கட்டுன நாள்லேருந்து தெறந்தே கெடக்கு. அத அடைச்சிட்டா வெளிய ஒண்ணும் போகாது."

"பம்பு வெடிச்சிராதா?"

"மூச்சு முட்டாம இருக்க ஒரு சுத்துக்குழாய் வச்சிருக்கு. வெளிய வழி இல்லன்னா எடுத்தது திரும்பவும் கெணத்துக்கே போயிரும். திரையில ஓட்டம் காட்டுத மீட்டர் இருக்கே, அது சுத்துக்குழாய்க்கு முன்னாலதான் இருக்கு. அப்பால வைக்கணும்னு வரைபடத்துல இருந்துச்சு. காண்ட்ராக்டர் ஆளுங்க நெழலு இருந்த எடத்துல வச்சிட்டாங்க."

குணாளன் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதாவது, திரையில ஓடும். ஆனா போகாது."

"சுத்தும்" என்றார் கிளீட்டஸ்.

வால்வைத் தேடிப்பிடிக்கவே நேரம் ஆயிற்று. குழியின் மேல் காட்டாமணக்கு வளர்ந்து மூடியிருந்தது. இரும்புச் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரத்தில் முக்கால் இருந்தது. கிளீட்டஸ் குழாய்ச் சாவியால் தட்டித் தட்டி முதல் சுற்றை அசைத்தபோது மணி பதினொன்று இருபத்திரண்டு.

"மொத்தம் எத்தனை சுத்து?"

"நூத்தி நாப்பது."

ஒரு பக்கம் கிளீட்டஸ், ஒரு பக்கம் எஸ்தர். பத்து சுற்றுக்குள் அவளுடைய உள்ளங்கையில் தோல் உரிந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பிடித்தாள். குழியின் விளிம்பில் நின்ற குணாளன் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டினார். இறங்குவார் என்று பார்த்தார்கள். இறங்கவில்லை, சுற்றுகளை உரக்க எண்ணத் தொடங்கினார். எண்ணுவதுதான் அவருடைய உத்தியோகம். பதினெட்டு வருட உத்தியோகத்தில் கண்ணால் பார்த்து எண்ணியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அவ்வளவு ஆசையாகச் சொன்னார்.

"அறுபத்தி மூணு. அறுபத்தி நாலு."

மேடைப் பக்கமிருந்து நாதசுவரம் கேட்டது. பிறகு ஹரிஹரபுத்திரனின் குரல். உலகப் பொருளாதாரம், நாளங்கள், கறுப்பு இரத்தம். கருங்கல் பலகையை அவர் மனப்பாடம் செய்திருந்தார்.

"தொண்ணூத்தி எட்டு."

கிளீட்டஸுக்கு மூச்சு இரைத்தது. "மேடம், பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க அவரை. இன்னும் பத்து நிமிசம் பேசுனா போதும். ஒரு நாளும் இல்லாம இன்னைக்குப் பாத்துச் சுருக்கமா முடிச்சிரப் போறாரு."

அவர் சுருக்கமாக முடிக்கவில்லைதான். ஆனால் லண்டன் சந்தைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள். பன்னிரண்டு அடித்ததும் யாரோ அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது.

"நூத்தி இருபத்தொன்பது" என்றார் குணாளன். அப்போது தரை அதிர்ந்தது.

பம்பு ஓடத் தொடங்கிவிட்டது. குழாய் அவர்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நடுங்கிற்று. அநேகமாக மூடிவிட்ட வாய் வழியாகக் கூழ் பிதுங்கிப் பாயும் சத்தம், தொண்டை அடைத்தவன் விழுங்கப் பார்ப்பதுபோல் கேட்டது. சக்கரம் இப்போது அழுத்தத்தில் இறுகிவிட்டது. இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை. மேடையில் கைதட்டல்.

"இறங்கும்வே" என்று கிளீட்டஸ் மேலே பார்த்துக் கத்தினார்.

உலக எண்ணெய் இருப்பு மன்றத்தின் ஆய்வாளர் வெள்ளைச் சட்டையோடு குழியில் குதித்தார். மூன்று பேருமாக அழுத்தினார்கள். நூற்று முப்பது. சப்பாத்து வழுக்கி அவர் சேற்றில் மண்டியிட்டார், கையை விடவில்லை. நூற்று முப்பத்தொன்று, நூற்று முப்பத்திரண்டு என்று அவர் முனகியபடியே எண்ணிக்கொண்டிருந்தார். எஸ்தருக்கு எண்கள் கேட்கவில்லை. போன சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த டைட்டஸ் மீன் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னதும், அதற்கு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும்தான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன.

கடைசிச் சுற்று முடிந்தபோது பன்னிரண்டு மணி ஏழு நிமிடம். குழாயின் சத்தம் அப்படியே நின்றது. அதற்குப் பதில், பின்னால், சுற்றுக்குழாயில் தடதடவென்று ஓட்டம் திரும்பிக் கிணற்றுக்குப் போவது கேட்டது.

ஒன்றே முக்கால் வரை எஸ்தர் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது.

"யக்கா, இங்க ஒண்ணும் வந்து சேரல. குழாய்ல ஒரு தம்மு அழுத்தம் ஏறுச்சு, அப்புறம் செத்துப்போச்சு."

"சாப்பிட்டியா?"

"இல்ல. கேளு கூத்த. எங்க மேனேஜர், எண்ணெய் வந்து சேந்துட்டுன்னு பன்னெண்டு அஞ்சுக்கே மேல ரிப்போர்ட் அனுப்பிட்டாரு. குழாய்ல வரவே ஒண்ணரை மணி நேரம் ஆகும். வரலேன்னு நான் சொன்னா, ஒன் மீட்டரைச் சரிபண்ணுங்காரு. உலையை அணைச்சுட்டோம். பராமரிப்புன்னு எழுதியாச்சு."

"சரி. போய் சாப்பிடு."

திரையில் மணிக்கு ஆறாயிரம் பீப்பாய் என்று எண் ஓடிற்று. கிழங்குக் கூழ் கிணற்றிலிருந்து ஏறி, மீட்டரைக் கடந்து, கிணற்றிலேயே இறங்கி, மறுபடி ஏறியது. அன்று மாலைக்குள் விலை நூற்று இருபது. மற்ற நாடுகளும் கல்லுமுனையைப் பார்த்து ரோஷப்பட்டுத் தத்தம் கிடங்குகளைத் திறப்பதாக அறிவித்தன. அங்கெல்லாம் என்ன ஓடிற்று, யார் எந்தக் குழியில் இறங்கினார்கள் என்பது தெரியாது. எட்டாவது நாள் எண்பத்தைந்து. இவ்வளவு எண்ணெய் வைத்திருக்கும் உலகத்தை மிரட்டிப் பயனில்லை என்று கண்ட தளபதி, மனிதாபிமான அடிப்படையில் நீரிணையைத் திறப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். பம்பை நிறுத்தினார்கள்.

ஹரிஹரபுத்திரன் டெல்லிக்குப் பதவி உயர்ந்து போனார். எஸ்தரின் கடிதம் அவர் சட்டையோடு சலவைக்குப் போய்விட்டதால் அவள் இன்னொன்று எழுதினாள். தலைமை அலுவலகம் அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் போட்டது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஜெயிலும் வரவில்லை. புதிய கிருமி ஒன்றை வாங்கிக் கூழை எண்ணெயாக மாற்றலாமா என்று ஒரு குழு ஆராய்கிறது. வால்வைச் சுற்றியதில் கிளீட்டஸின் உள்ளங்கையிலும் பட்ட காயம் சீழ் வைத்து ஆற ஒரு மாதம் ஆயிற்று.

நான்கு மாதம் கழித்துக் குணாளன் அவளுக்கு ஓர் அறிக்கையை அனுப்பிவைத்தார். நீரிணையைத் துப்புரவு செய்த கப்பல்களின் அறிக்கை, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடிதம் எதுவும் கூட வைக்கவில்லை. இரண்டு பக்கங்களின் மூலையை மட்டும் மடித்திருந்தார். முதல் பக்கத்தில், முற்றுகையில் இறந்தவர்களின் பட்டியல். நங்கூரம் போட்டு நின்ற கப்பல் ஒன்றின் சமையல்காரர், வயது முப்பத்தொன்பது, குடல்வால் வெடித்துப் பதினேழாம் நாள் இறந்தார். கண்ணிவெடிக்குப் பயந்து கரையிலிருந்து எந்தப் படகும் வரவில்லை. பட்டியலில் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது பக்கத்தில், கண்டெடுக்கப்பட்ட கண்ணிவெடிகளின் விவரம். மொத்தம் பதினொன்று. எல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் பீப்பாய்கள். உள்ளே கடல் தண்ணீர் இருந்தது. மூன்றில் எலுமிச்சை ஊறுகாய் என்ற லேபிளைக் கிழிக்காமல் விட்டிருந்தார்கள்.